ஆறு வாரத்தில் முழுப் படம் வேண்டாம்

வணக்கம். பல்கலைக்கழகத்தின் ஆறு வாரக் கோடைகாலத் திரைக்கதை வகுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள், அதற்குள் முழுநீளப் படக் கதையை எழுதி முடிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கஷ்டம்தான். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். முழுநீளப் படமென்றால் 90 முதல் 120 பக்கம் வரும். வாரம் இருபது பக்கம் எழுதினால் திருத்த நேரமே இருக்காது. பத்துப் பக்கக் குறும்படம் ஒன்றை எடுத்து மூன்று முறை திருத்தி எழுதுங்கள்.

சிறுகதை எழுதிப் பழக்கம் என்கிறீர்கள். அங்கேதான் கவனம் வேண்டும். என் முதல் வகுப்புக்கு 'அப்பாவை நினைத்து அவள் வருந்தினாள்' என்று எழுதிக்கொண்டு போனேன். "இதைக் கேமரா எப்படிப் பார்க்கும்?" என்றார் ஆசிரியர். வீட்டுக்கு வந்து மாற்றினேன்: அவள் இரண்டு தட்டுகளை எடுத்து வைக்கிறாள், ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். அவ்வளவுதான். கண்ணால் பார்ப்பது, காதால் கேட்பது மட்டும், அதுவும் நிகழ்காலத்தில்.

அப்புறம், உங்கள் வசனங்களை வகுப்பில் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் நாக்கு தடுக்குகிற இடத்தை உடனே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.