கண்ணை நம்பவா, அறிக்கையை நம்பவா?

கேள்வி: இறைச்சிக்காக மாடு வளர்க்கிறேன். ஒரே தாய், ஒரே தந்தையின் கருக்களை இரண்டு வாடகைத் தாய்ப் பசுக்களில் வைத்து இரண்டு இளங்காளைகள் கிடைத்தன. ஒன்று நெஞ்சும் தொடையும் நிரம்பி நிற்கிறது. மற்றது சற்றுச் சிறியது. ஆனால் டி.என்.ஏ. சோதனையில் சிறியதற்குத்தான் வளர்ச்சி மதிப்பு (கன்றுகளுக்கு இறங்கும் வளர்ச்சித் திறனின் கணிப்பு) அதிகம், அதன் கன்றுகள் சுலபமாகப் பிறக்கும் என்றும் வந்திருக்கிறது. இன்னும் ஈனாத கிடாரிகளோடு எதை விடுவது?

பதில்: சிறியதை விடுங்கள். ஈற்றில் கன்று சிக்கித் தவித்த கிடாரிகளுக்கு இரவில் போய்க் கை கொடுத்த மருத்துவன் நான். அதனால் எந்த அறிக்கை வந்தாலும் அதில் ஈற்றுச் சுலபம் பற்றிச் சொல்லும் வரியைத்தான் முதலில் தேடுவேன்.

பெரியவனைச் சுமந்த பசுவுக்குப் பால் கூடுதலாக இருந்திருக்கலாம். அந்தப் பாலில் ஏறிய எடை அவன் கன்றுகளுக்கு இறங்காது. கூடப்பிறந்தவைதான் என்றாலும், தாயின் மரபணுக்களில் பாதி, தந்தையின் மரபணுக்களில் பாதி என்று ஒவ்வொன்றும் எடுக்கும்போது எந்தப் பாதி வரும் என்பது மாறிக்கொண்டே இருக்கும். வம்சாவளியை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான் போட முடியும். முன்பெல்லாம் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் காளையை விட்டு, ஒன்பது மாதச் சினை கழிந்து, கன்றுகள் பால் மறந்த பிறகு எடை போட்டுப் பார்க்க வேண்டும். இப்போது காதில் எடுத்த ஒரு துணுக்குச் சதையில் டி.என்.ஏ.வின் பல்லாயிரம் இடங்களைப் படித்து, ஏற்கெனவே எடை பதிந்த மாடுகளோடு ஒப்பிட்டுக் கணிக்கிறார்கள். மெவிசன், ஹேய்ஸ், கொடார்ட் என்ற மரபியல் ஆய்வாளர்கள் மூவரும் 2001-இல் முன்வைத்த வழி இது.

சரி, ஒப்பிட்ட மாடுகள் உங்கள் இனம்தானா? இதைச் சோதனைக்கூடத்தில் கட்டாயம் கேளுங்கள். ஆங்கஸ் மாடுகளின் பதிவிலிருந்து போட்ட கணக்கை பிராமன் காளைக்கு நம்ப முடியாது. மதிப்புக்குப் பக்கத்தில் துல்லியம் என்று 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண் இருக்கும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. அது தாழ்வாக இருந்தால், கன்றுகள் பிறந்து எடை சேரச் சேர மதிப்பு நன்றாகவே மாறக்கூடும். ஆகவே தராசை ஓரம் கட்டிவிடாதீர்கள். பிறந்த எடை, பால்மறப்பு எடை இரண்டையும் எழுதி உங்கள் இனச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடுத்த கணிப்பு கூர்மையாவது இப்படிப்பட்ட பதிவுகளால்தான்.

பெரியவனை விற்க அவசரம் வேண்டாம். பலமுறை ஈன்ற பசுக்களோடு விடலாம். அதற்கு முன் இரண்டுக்கும் விந்துத் தரம், விதைப்பைச் சுற்றளவு, கால், நடை எல்லாவற்றையும் பரிசோதித்துவிடுங்கள். காளை பசுவைச் சினையாக்குமா என்பதை அந்த டி.என்.ஏ. அறிக்கை சொல்லாது.