கட்டைவிரல் அகலச் சூரியன்

கேள்வி: வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளில் நின்று பார்ப்பதுபோல ஓர் ஓவியம் வரைய ஆசை. மனம்போன போக்கில் இல்லாமல், அறிவியல்படி வரைய முடியுமா?

பதில்: முடியும். தரையை விட்டுவிட்டு வானத்திலிருந்து தொடங்குங்கள். தரையை யாரும் பார்த்ததில்லை. வானத்தில் எது எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதோ வெறும் கணக்கு. கும்ப மண்டலத்தில், சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிராப்பிஸ்ட்-1 விண்மீனை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏழு கோள்கள். நான்காவது கோளான 'ஈ'யில் (ஆங்கில எழுத்து e) நிற்கிறீர்கள்.

விண்மீனின் விட்டம் சுமார் 1,66,000 கி.மீ.; அங்கிருந்து கோளுக்கு 44 லட்சம் கி.மீ. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 57.3ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 2.2 பாகை வரும். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அது மறைக்கும் அகலம் கிட்டத்தட்ட இதுதான். நம் சூரியன் அரைப் பாகைதான். ஒளிவட்டம் நான்கு மடங்கு அகலம் என்பதால் நிழலின் ஓரமும் அதே அளவு மங்கலாக விழும். கத்தியால் வெட்டியதுபோல வரைந்துவிடாதீர்கள்.

நிறத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். இதுபோன்ற சிறிய, வெப்பம் குறைந்த விண்மீனுக்குச் 'சிவப்புக் குள்ளன்' என்று பெயர். அதைக் கேட்டதும் ரத்தச் சிவப்பைப் பூசிவிடுகிறார்கள். விண்மீனின் வெப்பநிலை சுமார் 2,560 கெல்வின். பழைய குண்டு பல்பின் இழையைவிடச் சற்றே குறைவு. ஆகவே அந்த மஞ்சள் கலந்த ஆரஞ்சு போதும். ஆற்றலின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வருவதால், உடம்பில் வெயில் உறைக்கும், ஆனால் அந்த அளவுக்கு வெளிச்சம் இருக்காது.

விண்மீனுக்கு இவ்வளவு அருகில் சுற்றுவதால், நமக்கு நிலா காட்டுவதுபோல, கோளும் ஒரே முகத்தையே அதற்குக் காட்டிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படியானால் உதயமும் அஸ்தமனமும் இல்லை. விண்மீனை 45 பாகை உயரத்தில் வைத்தால், ஆளின் நிழல் என்றைக்கும் அவர் உயரமே.

கேள்வி: பக்கத்துக் கோள்கள் நிலாபோலத் தெரியுமாமே?

பதில்: தெரியும், ஆனால் எல்லாவற்றையும் பகல் வானத்தில் முழுவட்டமாக அடுக்கக்கூடாது. வெளிப்பக்கத்துக் கோளான 'எஃப்' சுமார் 18 நாளுக்கு ஒருமுறை மிக அருகில் வரும்போது நம் முழுநிலா அளவு இருக்கும். அப்போது அது விண்மீனுக்கு நேர் எதிர்த்திசையில் இருப்பதால், இரவுப் பக்கத்தில் நிற்பவருக்கே காட்சி. உள்பக்கத்து 'டி' நெருங்கும்போது தன் இருண்ட முகத்தையே காட்டும். விண்மீன்மீது, அதன் அகலத்தில் கால்பங்குக் கரும்பொட்டாக நகரும்.

கேள்வி: கடல் வரையலாமா?

பதில்: 'ஈ' பாறைக் கோள் என்பதற்கு ஆதாரம் வலுவானது. 6.1 நாளுக்கு ஒருமுறை அது நமக்கும் விண்மீனுக்கும் குறுக்கே வரும்போது விண்மீனின் ஒளி அரை சதவீதம் குறைகிறது. அதிலிருந்து ஆரம் பூமியைப்போல் 0.92 மடங்கு. அண்டைக் கோள்கள் இழுப்பதால் குறுக்கீட்டு நேரம் முன்பின்னாகிறது. அதிலிருந்து நிறை 0.69 மடங்கு. இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் அடர்த்தி பாறைக்கு உரியது. 50 கிலோ ஆளுக்கு அங்கே எடைபார்க்கும் கருவி 41 காட்டும். கடலுக்குக் காற்று மண்டலம் வேண்டும். அதைத் தேடும் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு விண்மீனின் கரும்புள்ளிகளே பெரிய இடைஞ்சல், கோளின் தடயத்தோடு அவற்றின் தடயமும் கலந்துவிடுகிறது. உட்கோளான 'பி'யின் பகல்பக்கம் சுமார் 230 செல்சியஸ் என்று 2023இல் அளந்தபோது, தடித்த காற்று அங்கே இல்லை என்று தெரிந்தது. 'ஈ'க்கு இரண்டு படம் வரையுங்கள்: காற்றும் கடலும் உள்ளது ஒன்று, பகலிலும் வானம் கறுத்து, வெறும் பாறையாக ஒன்று. விண்மீனின் அளவு இரண்டிலும் 2.2 பாகையே.