அயல் கறையான்கள் காடுகளில் எப்படிப் பரவுகின்றன? கட்டுப்படுத்த முடியுமா?

வேறு நிலப்பகுதியிலிருந்து வந்து, புது இடத்தில் பெருகிக் கேடு செய்யும் கறையானே அயல் கறையான். உலகில் ஏறத்தாழ 3,000 கறையான் இனங்கள் உண்டு. இப்படிப் பரவுபவை சுமார் 28தான்.

காரணம் இவற்றின் வாழ்முறை. தின்னும் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். மரத்துண்டோடு கூட்டத்தில் ஒரு பகுதி பிரிந்து போனாலும், அதிலுள்ள சில முட்டையிடும் நிலைக்கு மாறிவிடும். ஒடித்து நட்ட கிளை தனி மரமாவதைப் போலத்தான். ஈசல்கள் வெகுதூரம் பறப்பதில்லை. கடல் கடக்க வைப்பது நாம் அனுப்பும் மரப்பெட்டியும் படகும்தான். கிழக்காசியாவைச் சேர்ந்த ஃபார்மோசா கறையான் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பல் சரக்கோடு அமெரிக்கப் பெருநிலத்தில் வேரூன்றியது. உயிருள்ள மரத்தின் நடுத்தண்டையே அது குடைந்துவிடும். இலை பச்சையாகவே இருக்கும். காற்றில் முறிந்து விழும்போதுதான் உள்ளே பொந்து தெரியும்.

காடு முழுக்க மருந்தடிப்பது தவறு. பட்ட மரங்களை மட்கவைக்கும் உள்ளூர்க் கறையான்களும் செத்துப்போகும். தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து கலந்த இரையை வைத்தால், வேலைக்காரக் கறையான்கள் வாய்க்கு வாய் ஊட்டிக் கூட்டம் முழுக்கப் பரப்பிவிடும். மெதுவான வழி. அதைவிட முக்கியம், கறையான் பிடித்த மரத்தையும் விறகையும் இடம் மாற்றாமலிருப்பது.

ராணியைக் கொன்றால் கூட்டமே அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த இனங்களில் அவளுக்குப் பதிலாக வேறு ராணிகள் உருவாகிவிடும்.