மிடில்செக்ஸில் சின்ன அலுவலகம் ஒன்றை வாடகைக்கு எடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நீங்களும் ஒரு உதவியாளரும் மட்டும் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலை செய்ய ஓர் அறை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேலைக்காக ஹாரோவில் ஒரு கடையின் மாடியில் 5 ஆண்டு லீஸ் எடுத்து, சூடுபட்டு வெளியே வந்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் பெயர் விவகாரம். இங்கிலாந்தில் லண்டனை ஒட்டியிருந்த மிடில்செக்ஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகம் 1965 ஏப்ரல் 1-இல் முடிந்துபோனது. பெரும்பகுதி கிரேட்டர் லண்டனுக்குள் போனது. ஸ்டெய்ன்ஸ், சன்பரி பக்கம் சர்ரேக்கும், பாட்டர்ஸ் பார் ஹெர்ட்ஃபோர்ட்ஷயருக்கும் போயின. முகவரியில் கவுண்டி பெயர் தேவையில்லை என்று ராயல் மெயில் 1996-லேயே விட்டுவிட்டது. ஆனாலும் வெம்ப்லி, ஹாரோ பக்கம் இன்னும் எழுதுகிறார்கள். என் பில்லிலும் இருக்கிறது, பழக்கதோஷம். தேடும்போது மட்டும் ஹாரோ, பிரென்ட், ஈலிங், ஹில்லிங்டன் என்று கவுன்சில் பெயரை வைத்துத் தேடுங்கள். காரணம் பிசினஸ் ரேட்ஸ்.

வாடகையைத் தவிர கவுன்சிலுக்குக் கட்டும் வரி அது. இடத்தின் ரேட்டபிள் வேல்யூ, அதாவது இந்த வரிக்காக அரசு மதிப்பிட்ட ஆண்டு வாடகை, 12,000 பவுண்டுக்குள் இருந்து, உங்களுக்கு அந்த ஒரே இடம்தான் என்றால் முழு விலக்கு கிடைக்கும். 15,000 வரை படிப்படியாகக் குறையும். அதுவாக வந்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள், கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். பின்னாளில் இரண்டாவது இடம் எடுத்தால், அதன் மதிப்பு 2,899-ஐத் தாண்டாமலும் எல்லா இடங்களின் கூட்டுத்தொகை 20,000-க்குக் கீழேயும் இருந்தால்தான், ஆரம்பச் சலுகைக் காலம் முடிந்த பிறகும் விலக்கு தொடரும். லண்டனுக்குள் அந்த 20,000 என்பது 28,000. ஆக, ஒரே பழைய மிடில்செக்ஸ்தான், ஆனால் லண்டனுக்குள் உள்ள ஹவுன்ஸ்லோவுக்கு ஒரு கணக்கு, வெளியே உள்ள ஸ்டெய்ன்ஸுக்கு ஒரு கணக்கு.

விளம்பரத்தில் சதுர அடிக்கு 20 பவுண்டு என்று பார்த்தால், சென்னைக் கணக்கில் மாத வாடகை என்று நினைத்துப் பதறாதீர்கள். இங்கே அது ஆண்டுக்கு. 400 சதுர அடி என்றால் ஆண்டுக்கு 8,000. கூடவே கட்டட உரிமையாளர் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வசூலிக்கிறாரா என்று கேளுங்கள். வசூலித்தால் 20 சதவீதம் சேர்ந்து 9,600 ஆகிவிடும். நீங்கள் வாட் பதிவு செய்தவர் என்றால் திரும்பப் பெறலாம், இல்லையென்றால் அது கைக்காசுதான். அப்புறம் பொதுப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜ், கட்டடக் காப்பீட்டில் பங்கு, முன்பணம். பல லீஸ்களில் வாடகையை மாதாமாதம் வாங்குவதில்லை. மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்று நான்கு நாட்களில் மூன்று மாத வாடகையை முன்கூட்டியே கேட்பார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கா வாடகை என்று எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. கவுண்டியே போய்விட்டது, அந்தக் காலத்துத் தவணை நாட்கள் மட்டும் போகவில்லை.

இனி நான் மாட்டிய இடம். என் லீஸ், பழுதுபார்ப்பும் காப்பீட்டுச் செலவும் முழுக்க வாடகைதாரர் தலையில் என்னும் வகை. நான் நுழைந்தபோதே சுவரில் ஈரம், கார்ப்பெட்டில் கறை. சரி, வாடகை குறைவுதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். காலி செய்யும்போது பெயின்ட், கார்ப்பெட், ஜன்னல் என்று பழுதுப் பட்டியல் ஒன்று வந்தது, அந்த ஈரமும் அதில் இருந்தது. பேசிப் பேசிக் குறைத்தும் கிட்டத்தட்ட என் முன்பணம் முழுவதும் போயிற்று. அறை எந்த நிலையில் இருந்தது என்று படங்களோடு ஓர் ஆவணம் தயாரித்து, அதைவிட நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டியதில்லை என்று லீஸிலேயே சேர்த்திருந்தால் தப்பித்திருப்பேன்.

இடையில் விலகும் உரிமையும் எனக்கு இருந்தது, மூன்றாம் ஆண்டில். பேருக்குத்தான் இருந்தது. நோட்டீஸை எழுத்தில் ஆறு மாதம் முன்பே தர வேண்டும், வாடகைப் பாக்கி இருக்கக்கூடாது, அறை முற்றிலும் காலியாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள். நான் நாளைத் தவறவிட்டேன். மிச்ச இரண்டு ஆண்டையும் கட்டித்தான் தீர்த்தேன்.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, லீஸ் முடிந்ததும் புதுப்பித்துத் தரச் சொல்லும் உரிமை வணிக வாடகைதாரருக்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்து வாங்குவது இங்கே சர்வசாதாரணம். வேறொரு சொலிசிட்டர் (வழக்கறிஞர்) முன்னால் போய் 5 பவுண்டு கொடுத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னால் அதுதான் சங்கதி. கணக்கு எழுதுபவருக்கு அதில் பெரிய நஷ்டமில்லை, தெருவில் போகிறவர்களை நம்பிக் கடை வைப்பவருக்கு உண்டு. கட்டடம் மின்சாரம், எரிவாயுவை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்று ஏ முதல் ஜி வரை தரம் போடும் ஆற்றல் சான்றிதழையும் பாருங்கள். 2023 ஏப்ரலிலிருந்து, விலக்குப் பெற்றவை தவிர, ஈ தரத்துக்குக் கீழ் உள்ள இடங்களை வாடகைக்கு விட்டிருக்கக் கூடாது.

இப்போது நான் இருப்பது, லீஸ் இல்லாமல் பயன்படுத்தும் அனுமதி மட்டும் தரும் லைசென்ஸ் முறையில், வசதிகளோடு சேர்த்து விடும் சர்வீஸ்டு அறை. ஒரு மாத நோட்டீஸ், ரேட்ஸும் மின்சாரமும் அதிலேயே அடக்கம். சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் கொள்ளைதான், ஆனால் ராத்திரி தூக்கம் வருகிறது. இரண்டே பேர் என்றால் முதல் ஆண்டை இப்படித் தொடங்குங்கள். கம்பெனியின் பதிவு முகவரியாக அந்த இடத்தைப் போடலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், 2024 மார்ச்சிலிருந்து வெறும் தபால் பெட்டி எண் செல்லாது. லீஸ்தான் வேண்டும் என்றால், ஏஜென்டிடம் வாடகையைக் குறைக்கச் சொல்வதற்கு முன் விலகும் உரிமையின் நிபந்தனைகளைக் குறைக்கச் சொல்லுங்கள்.