புதுப் பூட்டு

கேள்வி: தேவிபட்டினம் பக்கம் எங்கள் ஊர். நானும் அப்பாவும் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறோம். என் தம்பிக்கு 26 வயது. தனக்குத்தானே பேசுகிறான், இரவில் கடலை நோக்கி ஓடுகிறான். ஏர்வாடி தர்காவில் கொஞ்ச நாள் வைத்திருந்தோம். இப்போது பாதுகாப்புக்காகப் பின்கட்டில் சங்கிலி போட்டிருக்கிறோம். பழைய பூட்டு உப்புக் காற்றில் துருப்பிடித்ததால் போன வாரம் புதிது வாங்கினோம். எனக்குப் பெண் பார்க்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஒரு விடுதி கட்டக்கூடாதா?

பதில்: தம்பி, பெண் பார்ப்பது கிடக்கட்டும். பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். கடலோரத்தில்கூட ஒரு பூட்டு வீணாகச் சில மாதங்களாவது ஆகும். அத்தனை நாளும் உங்கள் கூடப்பிறந்தவன் அதில் கட்டுண்டு கிடந்திருக்கிறான். பூட்டின் துரு கண்ணில் பட்டது, அவன் கணுக்கால் படவில்லையா? அந்தக் காலில் புண் உண்டா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. கடைக்குப் போய், விலை கேட்டு, சாவி சரியாகத் திரும்புகிறதா என்று பார்த்து வாங்கியிருப்பீர்கள். அந்த நேரத்தில் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறியிருக்கலாம்.

2001 ஆகஸ்ட் 6 உங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறந்திருக்காது. ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகினார்கள். உங்கள் பின்கட்டுக் கூரை ஓலையா, ஓடா?

தர்காவுக்குப் போனதைக் குறை சொல்லவில்லை. அங்கேயே துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கிடைக்க அரசு 'தவா-துவா' திட்டத்தைக் கொண்டுவந்தது. மாத்திரை வாங்கினீர்களா?

அரசை நானும் விடமாட்டேன். மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் பிழைப்பை விட வேண்டியிருப்பது அநியாயம்தான். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் படகு கரையில்தானே கிடந்தது? அண்ணன் என்பவன் அப்போது எங்கே போனான்? தம்பியை எங்காவது தள்ளிவிட்டு மணமேடை ஏற நினைக்கிற வீட்டுக்குப் பெண் கொடுக்கச் சொல்லி நான் யாருக்கும் எழுத மாட்டேன். வரப்போகிற பெண்ணிடம் எதையும் மறைக்காதீர்கள்.

சங்கிலியை இன்றே அவிழ்த்துவிடுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. இரவில் ஓடுவான் என்றால் நீங்களும் அப்பாவும் முறைவைத்து விழித்திருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். அவன் வர மறுத்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். நாளைக் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் சேருங்கள், ஒருவர் கூடவே இருங்கள். அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை அரசு மருத்துவமனைகள் எப்போதும் இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். இருப்பு இல்லை என்று சொன்னால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். சீட்டில் அதை எழுதி வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நில்லுங்கள்.