சிறு விமானத்துக்கு மின்சாரம் எதுவரை உதவும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மோட்டார் பட்டறை நடத்துகிறேன். பம்பு, ஸ்கூட்டர், கார், பேருந்து என எல்லாவற்றிலும் மின்மோட்டார் வந்துவிட்டது. நான்கு பேர் அமரக்கூடிய தனியார் விமானத்தில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு மோட்டாரையும் பேட்டரியையும் பொருத்தினால் பறக்க முடியாதா? தடை மோட்டாரிலா, பேட்டரியிலா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தடை முழுக்க முழுக்கப் பேட்டரியில்தான் இருக்கிறது. மோட்டாரைப் பொறுத்தவரை பெட்ரோல் இன்ஜின் தோற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 2016இல் ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் எக்ஸ்ட்ரா 330எல்இ என்ற சாகச விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்ட மோட்டாரின் எடை சுமார் 50 கிலோ. அது தந்த திறன் 260 கிலோவாட். உலகில் மிக அதிகமாக விற்பனையான சிறு விமானமான செஸ்னா 172இல் இருக்கும் லைக்காமிங் இன்ஜினோ 120 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. அது தருவது 134 கிலோவாட் மட்டுமே. அதோடு, உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் சாதாரணப் பெட்ரோல் இன்ஜினின் திறன் குறைந்துகொண்டே போகும். மோட்டாருக்குக் காற்றை உள்ளிழுக்க வேண்டிய தேவையே இல்லாததால் அந்தக் குறையும் கிடையாது.

இனி நீங்கள் கேட்ட மாற்றத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். வழக்கமான வேகத்தில் மட்டமாகப் பறக்கும்போது செஸ்னா 172 தன் இன்ஜின் திறனில் ஏறக்குறைய 65 விழுக்காட்டை, அதாவது சுமார் 87 கிலோவாட்டைப் பயன்படுத்துகிறது. அப்படி ஒரு மணி நேரம் பறக்கப் பெட்ரோல் இன்ஜினுக்கு 25 கிலோ எரிபொருள் போதும். அதே வேலையை மோட்டார் செய்ய, வழியில் ஏற்படும் இழப்புகளையும் சேர்த்து, 97 யூனிட் மின்சாரம் தேவைப்படும். உறை, குளிரூட்டும் குழாய்கள், கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டால், விமானத்தில் வைக்கத்தக்க பேட்டரித் தொகுப்பு கிலோவுக்கு 0.17 யூனிட் அளவில்தான் சேமிக்கிறது. ஆகவே ஒரே ஒரு மணி நேரத்துக்கான பேட்டரியின் எடை 570 கிலோவைத் தொட்டுவிடும். செஸ்னா 172 தன் சொந்த எடைக்கு மேல் சுமக்கக்கூடியதோ ஏறத்தாழ 400 கிலோ. இன்ஜினை எடுத்துவிட்டு மோட்டாரை வைப்பதால் மிச்சமாகும் எழுபது, எண்பது கிலோவைச் சேர்த்தாலும், விமானி உட்பட ஒருவரும் ஏறாத வெறும் விமானம்கூட ஒரு மணி நேரம் பறக்காது.

இந்த இடைவெளிக்குக் காரணம் எளிது. ஒரு கிலோ விமானப் பெட்ரோலில் ஏறத்தாழ 12 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. அதில் முக்கால் பங்கை இன்ஜின் சூடாகவும் புகையாகவும் வீணடித்தாலும், மூன்று யூனிட்டுக்கு மேல் புரொப்பெல்லருக்குப் போய்ச் சேர்கிறது. மோட்டார் ஏறத்தாழ எதையும் வீணாக்குவதில்லை; ஆனால் அதற்குக் கிடைப்பதே கிலோவுக்கு 0.17 யூனிட்தான். இருபது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இது. இன்னொரு இடைஞ்சலும் உண்டு. எரிபொருள் என்பது கட்டுச்சோற்று மூட்டையைப் போலப் பயணத்தில் தீரத் தீர எடை குறையும். பேட்டரி காலியானாலும் புறப்பட்டபோது இருந்த அதே எடையோடுதான் தரையிறங்க வேண்டும். காரில் எடை கூடினால் டயரும் சாலையும் தாங்கிக்கொள்ளும். விமானத்தில் ஒவ்வொரு கிலோவையும் இறக்கை தூக்கியாக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மின்விமானம் என்று செய்திகளில் வருவதெல்லாம் வெறும் விளம்பரமா? உண்மையிலேயே வாங்கிப் பறக்கக்கூடிய ஒன்று இருக்கிறதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இருக்கிறது. ஸ்லோவேனியா நாட்டின் பிப்பிஸ்ட்ரல் நிறுவனம் தயாரிக்கும் வேலிஸ் எலக்ட்ரோ என்ற இரண்டு இருக்கை விமானத்துக்கு 2020 ஜூன் மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமை வகைச் சான்றிதழ் (அந்த வடிவமைப்பு பறக்கப் பாதுகாப்பானது என்ற ஒப்புதல்) வழங்கியது. முழுக்க மின்சாரத்தில் இயங்கும் விமானம் ஒன்று அத்தகைய சான்றிதழைப் பெற்றது உலகிலேயே அதுதான் முதல் முறை. பழைய விமானத்தில் மோட்டாரைத் திணிக்காமல், இலேசான உடலும் குறைந்த காற்றுத்தடையும் கொண்ட விமானத்தைத் தேர்ந்தெடுத்ததால்தான் அது சாத்தியமாயிற்று. அதன் மொத்த எடை வரம்பு 600 கிலோ. பேட்டரியோடு சேர்ந்த சொந்த எடை 428 கிலோ. எஞ்சிய 172 கிலோவுக்குள் ஆசிரியரும் மாணவரும் அடங்க வேண்டும். இருவரும் நம்மூர்க் கல்யாண விருந்துகளில் தாராளமாகக் கைநனைப்பவர்களாக இருந்தால் பறப்பு அங்கேயே ரத்து. சுமார் 25 யூனிட் கொள்ளளவு உள்ள பேட்டரியில் அது ஏறத்தாழ 50 நிமிடம் பறக்கும். அதற்கு மேல் சிறிது சேமிப்பு இருக்கும்.

அந்தச் சேமிப்பில்தான் தனியார் உரிமையாளருக்குச் சிக்கல் வருகிறது. அமெரிக்க விதிப்படி, பகலில் கண்பார்வையை நம்பிப் பறப்பவர்கூடச் சேருமிடத்தை அடைந்த பின்னும் 30 நிமிடம் பறக்கப் போதுமான எரிபொருளோடு புறப்பட வேண்டும். ஐந்து மணி நேரம் பறக்கும் விமானத்துக்கு அது பொருட்டல்ல. மொத்தமே ஒரு மணி நேரம் பறப்பதற்கு அது பாதியைத் தின்றுவிடும். பகலில், புறப்பட்ட தளத்திலேயே இறங்குவதாகவும் அந்தத் தளத்தைக் கண்பார்வையிலிருந்து நழுவவிடாமலும் பறந்தால் 10 நிமிடச் சேமிப்பு போதும் என்று ஐரோப்பிய விதி தளர்வு தருகிறது. இந்த விதிகளை வைத்தே இன்றைய மின்விமானம் யாருக்கு உரியது என்று சொல்லிவிடலாம். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து ஏறவும் இறங்கவும் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளிக்கு அது பொருந்தும். வார இறுதியில் குடும்பத்தோடு வேறோர் ஊருக்குப் பறக்க விரும்பும் உரிமையாளருக்குப் பொருந்தாது.

இன்ஜின் விசையில்லாமலே காற்றில் சறுக்கிப் பறக்கும் கிளைடர்கள் தனி இனம். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும் அளவுக்கு அவற்றின் வடிவம் நேர்த்தியானது. மேலே ஏறச் சில நிமிடம் மட்டும் மோட்டார் ஓடினால் போதும். மீதியைத் தரையிலிருந்து மேலெழும் சூடான காற்று பார்த்துக்கொள்ளும். ஜெர்மனியின் அன்டாரஸ் 20இ போன்ற மின்கிளைடர்கள் இருபது ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளன. சொந்த மகிழ்ச்சிக்காகப் பறப்பவர்களில் மின்சாரத்தால் உண்மையான பயனைப் பெற்றவர்கள் இவர்களே என்பது என் கருத்து.

கேள்வி: நடுவானில் சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும்?
– ஒரு மாணவர், திருநெல்வேலி

பதில்: பெட்ரோல் தீர்ந்தால் ஆவதுதான்: விமானம் கல்லைப் போல விழாது, சறுக்கிக்கொண்டே இறங்கும், கீழே நல்ல இடம் இருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் நார்வேயில் ஒரு மின்விமானம் மோட்டார் விசை இழந்து ஏரியில் இறங்கியது. அதில் இருந்த இருவரும் உயிர் தப்பினர். வேலிஸ் எலக்ட்ரோவில் பேட்டரித் தொகுப்பு இரண்டாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால், ஒன்று பழுதானாலும் மற்றதைக் கொண்டு தொடர்ந்து பறக்கலாம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிறு விமானத்தின் விமானி புறப்படுமுன் இறக்கை மேல் ஏறி, டாங்கின் மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை உள்ளே விட்டு எரிபொருளைக் கண்ணால் பார்த்துக்கொள்வது வழக்கம். பேட்டரிக்குள் குச்சி விட்டுப் பார்க்க முடியாது. எவ்வளவு மிச்சம் என்று திரையில் தெரிவது, பேட்டரியின் வயது, வெப்பநிலை, மின்னழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு கணினி போடும் மதிப்பீடுதான். மேலும், சார்ஜ் குறையக் குறைய மின்னழுத்தமும் தாழ்வதால், பேட்டரி தரக்கூடிய உச்சத் திறன் சரிகிறது. தரையிறங்க வரும்போது ஓடுபாதையில் மாடோ வேறு விமானமோ குறுக்கிட்டால், முழுத் திறனோடு மறுபடி மேலே ஏற வேண்டியிருக்கும். பேட்டரி களைத்திருக்கும் நேரம் பார்த்து அந்தத் தேவை வருகிறது. ஆகவே அடிமட்டம் வரை செலவழிக்காமல் ஒரு பங்கை எப்போதும் ஒதுக்கி வைப்பதை மின்விமானிகள் கட்டாயமாகக் கருத வேண்டியிருக்கிறது.

கேள்வி: இறக்கை முழுவதும் சூரியத் தகடு ஒட்டினால் பேட்டரிக் கவலையே இருக்காதே?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: உச்சி வெயிலிலும் ஒரு சதுர மீட்டரில் விழுவது சுமார் ஒரு கிலோவாட், தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். சுமார் பத்துச் சதுர மீட்டர் இறக்கையில் கிடைப்பது இரண்டு கிலோவாட். இரண்டு இருக்கை விமானத்துக்குக்கூடத் தேவையோ இருபதுக்கு மேல். 2015–16இல் சூரிய ஒளியை மட்டும் நம்பி உலகைச் சுற்றிய சோலார் இம்பல்ஸ் 2 விமானத்துக்கு 72 மீட்டர் இறக்கை; உள்ளே ஒரே ஒரு விமானி. ஜப்பானிலிருந்து ஹவாய்க்கு அது ஏறத்தாழ 118 மணி நேரம் பறந்தது. அந்தப் பயணத்தில் அளவுக்கு மீறிச் சூடான பேட்டரிகளைச் சரிசெய்ய அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை ஹவாயிலேயே நின்றது.

கேள்வி: பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்பதாவது உண்மையா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பாதி உண்மை. மின்சாரம் மலிவு; எண்ணெய் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது போன்ற பராமரிப்பும் குறைவு. சிறு விமானங்களின் பெட்ரோலில் இன்றும் ஈயம் கலக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா அந்தப் பெட்ரோலை இறக்குமதியே செய்துவந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. ஆனால் மிச்சமாகும் பணத்தைப் பேட்டரி தேய்மானம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இத்தாலியின் டெக்னாம் நிறுவனம் ஒன்பது பேர் பயணிக்கும் பி-வோல்ட் மின்விமானத் திட்டத்தை 2023 ஜூனில் ஒத்திவைத்தபோது சொன்ன காரணமும் அதுதான்: வேகமாக சார்ஜ் செய்து நாள் முழுவதும் பறந்தால், சில நூறு பறப்புகளுக்குள் பேட்டரித் திறன் சரிந்து, தொகுப்பையே மாற்ற வேண்டி வரும். விலையை ஒப்பிடும் எவரும் ஒரு மணி நேர மின்கட்டணத்தோடு நிறுத்திவிடாமல், பேட்டரியின் விலையை அது உழைக்கும் பறப்பு மணிகளால் வகுத்து அதனோடு கூட்டிப் பார்க்க வேண்டும். நாள்தோறும் பல முறை பறக்கும் பயிற்சிப் பள்ளிக்கு அந்தக் கணக்கு கட்டுப்படியாகலாம். மாதத்துக்கு இரண்டு முறை பறப்பவரின் பேட்டரியோ, ஹேங்கரில் சும்மா நிற்கும்போதும் மூப்படைந்துகொண்டுதான் இருக்கும்.