ஸ்ட்ரோக் வந்த சித்தப்பாவை மெடிக்கல் போர்டுக்கு எப்படி தயார் பண்றது?

தண்டையார்பேட்டையில இருக்கோம், சித்தப்பாவுக்கு வலது கை கால் வரல, ஊனமுற்றோர் சான்றிதழுக்கு என்ன செய்யணும்னு கேட்டிருக்கீங்க. பேப்பர் வேலை சீக்கிரம் முடிஞ்சிடும். ஆதார், போட்டோ, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாம் ஒரே ஃபைல்ல வச்சுக்கோங்க, யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) அப்ளிகேஷன் ஆன்லைன்லயே போடலாம். ஸ்ட்ரோக்குக்கு பொதுவா ஆறு மாசம் கழிச்சுதான் ஊனம் எத்தனை சதவீதம்னு அளப்பாங்க.

கஷ்டம் மெடிக்கல் போர்டுல, அதாவது ஊனத்தை அளக்குற டாக்டர் முன்னாடி உக்காரும்போதுதான். எங்க பெரியப்பா காசிமேட்டுல முப்பது வருஷம் படகுல போனவரு, டாக்டர் எப்படி இருக்கீங்கன்னு கேட்டதும் "நல்லாருக்கேன் சார், எல்லாம் நானே பாத்துக்குவேன்"னுட்டாரு, வீட்ல பெரியம்மாதான் சட்டை பட்டன் போட்டு விடுறாங்க, சாப்பாடு பிசைஞ்சு குடுக்குறாங்க, அதை அவர் வாயால சொல்ல மனசு வரல பாவம். அதனால முந்தின நாளே பக்கத்துல உக்காந்து பொறுமையா பேசுங்க. குளிக்க, படி ஏற, பாத்ரூம் போக யார் உதவி வேணும், எத்தனை தடவை விழுந்தாரு, எல்லாம் ஒரு தாள்ல எழுதி டாக்டர் கிட்ட குடுங்க. கூட்டி சொல்லவேணாம், ஆனா குறைச்சும் சொல்லக்கூடாது, ஏன்னா 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைக்கு ஊனம் 40 சதவீதமாவது இருக்கணும். தினமும் ஊன்றுகோல் வச்சு நடக்குறவர்னா அன்னைக்கும் அதோடயே வரட்டும், கௌரவத்துக்காக வீட்ல விட்டுட்டு வரவேணாம்.

ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரின்னா காலையிலயே போயிடுங்க, தண்ணி, டிபன், மாத்திரை கையில இருக்கட்டும். சதவீதம் ரொம்ப கம்மியா போட்டுட்டாங்கன்னா மேல்முறையீடு பண்ண உரிமை இருக்கு, விட்டுடாதீங்க.